பென்குவினுக்கு இடம் இருக்கு, தமிழுக்கு இல்லையா?

தமிழும் கணினியும் என்ற தலைப்பில் எழுதித் தள்ளாதவர்களே இல்லை. எழுத்துரு, விசைப்பலகை, யூனிகோடு, எழுத்துப்பிழை திருத்தி என்று எல்லாவற்றிலும் பெரிய பெரிய சண்டைகள் நடந்து ஒருவழியாக ஓய்ந்தும் விட்டன. இன்றைக்கு காசிமேட்டில் மீன் வாங்கி விற்பவர் கைபேசியில் தமிழிலேயே வாட்ஸப் அனுப்புகிறார். அதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை.

ஆனாலும் ஒரு இடம் மட்டும் பாக்கி இருக்கிறது. கணினியின் பவர் பட்டனை அழுத்தியதில் இருந்து, கடவுச்சொல் கேட்கும் திரை வரும் வரைக்குமான அந்தச் சில நொடிகள். எல்லாம் ஒழுங்காக நடந்தால் அந்த நொடிகளை ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். ஏதாவது கோளாறு என்றால்தான் திரையை உற்றுப் பார்ப்பார்கள். அப்போது அங்கே இருப்பது ஆங்கிலம் மட்டுமே.

அதாவது, மனுஷனுக்குத் தன் மொழி ரொம்பத் தேவைப்படும் நேரத்தில்தான் கணினி அதைப் பேச மறுக்கிறது. "அது டெக்னிக்கலா முடியாதுப்பா" என்று சொல்லி இத்தனை வருஷமாக ஒப்பேற்றியாகிவிட்டது. ஒரு காலத்தில் அது உண்மை. இப்போது அது வெறும் சாக்கு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

கரண்ட் போனால் என்ன ஆகும்?

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் மூலமாக வாங்கி, பள்ளி கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். மொத்தமாக 50 லட்சத்துக்கும் மேல். ஆரம்பத்தில் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. பாஸ் லினக்ஸ் வேறு யாருடையதும் இல்லை, மத்திய அரசின் சிடாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து 2007ல் வெளியிட்டது. அதற்கு வேர் போட்ட என்ஆர்சிஃபாஸ் என்ற மையம், அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சிடாக்கும் சேர்ந்து சென்னையில் நடத்தியது. ஆக, இது நம்ம ஊர்ச் சரக்கு.

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பிள்ளைகளுக்கு, வீட்டுக்குள் வந்த முதல் கணினியே இதுதான் என்பது சகஜம். ஒரு வீட்டில் அப்படி ஒரு மடிக்கணினி லினக்ஸோடு ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. சார்ஜர் ஒயரை நம்பித்தான் பொழைப்பு. அக்கா கல்லூரி அசைன்மென்ட் அடித்துக்கொண்டு இருக்கும்போது கரண்ட் கட்.

திரும்ப ஆன் செய்தால், வழக்கமான திரை வரவில்லை. கருப்புத் திரையில் நாலைந்து ஆங்கில வரிகள். ரூட் ஃபைல்சிஸ்டத்தை கையால் எஃப்எஸ்சிகே செய்ய வேண்டும் என்று ஒரு வரி. கடைசியில் அடைப்புக்குறிக்குள் இனிட்ராம்எஃப்எஸ் என்று போட்டு, பக்கத்தில் கர்சர் கண் சிமிட்டிக்கொண்டு நிற்கிறது.

விஷயம் தெரிந்தவருக்கு இது பெரும்பாலும் ஒரு கட்டளை அடித்து, கேட்கிற கேள்விக்கு எல்லாம் ஒய் அழுத்தினால் முடிகிற வேலை. தெரியாதவருக்கு? "லேப்டாப் செத்துப்போச்சு". கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், அங்கே இருப்பவர் லினக்ஸைப் பார்த்ததும் முகம் சுளித்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரு திருட்டு விண்டோஸ் போட்டுக் கொடுக்கக்கூடும். அசைன்மென்ட், அப்பாவின் பி.எஃப். காகிதத்தை ஸ்கேன் செய்து வைத்தது, தம்பியின் பிறந்தநாள் படங்கள்... எல்லாம் போயே போச்சு.

திரையில் தமிழில் ஒரே ஒரு வரி இருந்திருந்தால்? "வட்டில் சிறு பிழை. உங்கள் கோப்புகள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். அழிக்க வேண்டாம், விவரம் தெரிந்தவரிடம் காட்டவும்." அவ்வளவுதான் வேண்டியது. அக்கா அந்தக் கடைக்காரரிடம் "அழிக்காதீங்கண்ணா" என்று சொல்லியிருப்பாள்.

கெர்னலுக்குத் திரை எப்போது கிடைக்கிறது?

இந்த ஒரு வரி ஏன் வரவில்லை என்று புரிய, கணினி எழுந்திருக்கும்போது உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கொட்டாவி விடாமல் கூட வாருங்கள், பெரிய விஷயம் ஒன்றும் இல்லை :-)

லினக்ஸ் கெர்னல் ஓட ஆரம்பித்த அந்த நொடியில் அதற்குத் திரை என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆனாலும் அது பேச ஆரம்பித்துவிடும். எத்தனை நினைவகம், என்ன பிராசஸர் என்று வரிவரியாகச் சொல்லும். சொல்வதை எல்லாம் நினைவகத்தில் ஒரு வட்டமான கிடங்கில் போட்டு வைக்கும். துறைமுகத்தில் லாரி வராத நேரத்தில் இறக்கிய கண்டெய்னர்களை யார்டில் அடுக்கி வைப்பதைப் போல. ஒரே வித்தியாசம், இங்கே கிடங்கு நிரம்பினால் பழைய சரக்கின் மேலேயே புதுச் சரக்கு விழும். பிரிண்ட்கே என்ற செயற்கூறின் வேலை இது.

அடுத்து கன்சோல் என்ற அமைப்பு தயாராகும். கையில் நிஜத் திரை இல்லை என்றால், முதலில் ஒரு பொம்மைத் திரையை நட்டு வைக்கும். டம்மி கன்சோல் என்றே அதற்குப் பெயர். எழுதினால் எங்கேயும் தெரியாது, ஆனால் எழுதுகிறவருக்கு இடம் இருக்கும். பழைய வகைக் கணினி என்றால் விஜிஏ எழுத்துத் திரை கிடைக்கும். புதுசு என்றால், கணினியின் ஃபர்ம்வேர் ஏற்கெனவே தயார் செய்து வைத்திருக்கும் படத்திரையை, அதாவது ஃபிரேம்பஃபரை, கெர்னல் அப்படியே வாங்கிக்கொள்ளும். அதுவரை கிடங்கில் காத்திருந்த வரிகள் எல்லாம் அப்போதுதான் மளமளவென்று திரையில் கொட்டும். கடைசியாக, இன்டெல், ஏஎம்டி மாதிரியான கிராபிக்ஸ் சிப்பின் உண்மையான டிரைவர் வந்து உட்கார்ந்து, பழைய திரையைக் கழற்றிவிட்டுப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும்.

ஆக, கணினி எழுந்திருக்கும் சில நொடிகளுக்குள் திரை இரண்டு மூன்று முறை கை மாறுகிறது. கோளாறு இந்தக் கைமாற்றத்தின் எந்தக் கட்டத்தில் வருகிறதோ, அந்தக் கட்டத்தில் கையில் இருக்கும் திரையில்தான் செய்தியைச் சொல்ல முடியும்.

தமிழ் ஏன் ஏறவில்லை?

விஜிஏ என்பது ஐபிஎம் 1987ல் கொண்டு வந்தது. அதன் எழுத்துத் திரையில் குறுக்கே 80, நெடுக்கே 25 கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு 2 பைட். ஒன்று எந்த எழுத்து என்று சொல்லும், இன்னொன்று என்ன நிறம் என்று. மொத்தத் திரையும் 4,000 பைட்டில் முடிந்துவிடும். எழுத்து வடிவங்கள் அதிகபட்சம் 256. நிறத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் 512.

இதைப் படித்ததும் தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒரு கணக்கு தோன்றும். தமிழ் எழுத்துகள் 247. கிரந்தத்தைச் சேர்த்தாலும் 512ஐத் தாண்டாது. அப்புறம் என்ன பிரச்சினை?

அகலம்தான் பிரச்சினை. விஜிஏ கட்டம் எல்லாம் ஒரே அளவு, 8 அல்லது 9 புள்ளி அகலம். "l" மாதிரி ஒல்லியான எழுத்துக்கும் "ணை", "கௌ" போன்ற ஆஜானுபாகுகளுக்கும் ஒரே அளவு சட்டை என்றால் எப்படிப் பத்தும்? இரண்டாவது, யூனிகோடில் "கெ" என்பது முதலில் க, பிறகு கொம்பு. திரையிலோ கொம்பு முன்னால் வர வேண்டும். "கொ" என்றால் இரண்டு பக்கமும் வர வேண்டும். இப்படி மாற்றி அடுக்கும் வேலையை வழக்கமான மேசைத்தளத்தில் ஹார்ஃப்பஸ் போன்ற நிரல்கள் செய்கின்றன. கெர்னலுக்குள் அப்படி எதுவும் கிடையாது. இருக்கவும் கூடாது. கெர்னலுக்குள் ஏற்றுகிற ஒவ்வொரு வரி நிரலும், பிழை வந்தால் மொத்தக் கணினியையும் கவிழ்க்கக்கூடியது.

இந்த நிலைமை டெபியன் நிறுவியிலும் தெரிந்தது. அதன் எழுத்துத் திரை நிறுவியில் தமிழ் கிடைக்காது. 2007ல் வந்த எட்ச் பதிப்பில் படத்திரை நிறுவி சேர்ந்த பிறகுதான் இந்திய மொழிகளுக்கு வழி பிறந்தது. மொழிபெயர்க்க ஆள் இருந்தும், காட்டத் திரைதான் இல்லாமல் இருந்திருக்கிறது.

ஆக "முடியாது" என்பது அன்றைக்கு நியாயமான பதில்தான்.

இப்போது என்ன மாறிவிட்டது?

முதல் மாற்றம், 2009ல். 2.6.29 பதிப்பில் இன்டெல் சிப்புகளுக்குத் திரையின் அளவை அமைக்கும் வேலை கெர்னலுக்கே வந்தது. அதற்கு முன் அதை எக்ஸ் சர்வர் செய்துகொண்டு இருந்தது. அதாவது மேசைத்தளம் கிளம்பும் வரை நல்ல படத்திரைக்கு உத்தரவாதம் இல்லை.

இரண்டாவது மாற்றம் இன்னும் முக்கியம். 2021ல் வந்த 5.14 பதிப்பில் சிம்பிள்டிஆர்எம் என்ற சின்ன டிரைவர் சேர்ந்தது. ஃபர்ம்வேரோ பூட்லோடரோ விட்டுச்சென்ற ஃபிரேம்பஃபரை எடுத்து, "இதோ ஒரு முறையான திரை" என்று மற்ற நிரல்களுக்குக் கொடுப்பது மட்டுமே அதன் வேலை. எந்த நிறுவனத்தின் சிப் என்று அது கேட்காது. உண்மையான டிரைவர் வரும்வரை காவலுக்கு நிற்கும், வந்ததும் வழி விடும்.

இதனால் என்ன லாபம்? கணினி எழுந்திருக்கும்போது லோகோவும் சுற்றும் வட்டமும் காட்டுகிற பிளைமவுத் என்ற நிரல் இருக்கிறதே, அது முன்பெல்லாம் கிராபிக்ஸ் டிரைவருக்காகக் காத்திருக்கும். வராவிட்டால் எழுத்துத் திரைக்கு இறங்கிவிடும். எழுத்துத் திரை என்றால் தமிழ் அவுட். இப்போது சிம்பிள்டிஆர்எம் கொடுக்கும் திரையைப் பயன்படுத்திக்கொள் என்று பிளைமவுத்துக்குச் சொல்ல ஒரு அமைப்பே இருக்கிறது. படத்திரை ஆரம்பத்திலேயே தயார். படத்திரையில் தமிழ் என்ன, எகிப்தியச் சித்திர எழுத்தைக்கூடக் காட்டலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன எஃப்எஸ்சிகே செய்தி கெர்னலில் இருந்து வருவதே இல்லை. கெர்னலுக்கு அடுத்து ஓடும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற குட்டி அமைப்பின் ஸ்கிரிப்ட்டில் இருந்து வருகிறது. அதைத் திருத்தக் கெர்னலைத் தொடவே வேண்டாம்.

எதிர்க்கட்சி என்ன சொல்கிறது?

"கெர்னல் செய்திகளைத் தமிழில் போட்டால் இணையத்தில் தேடித் தீர்வு கண்டுபிடிக்க முடியாதே?" நூற்றுக்கு நூறு சரி. அதனால் அவற்றை மொழிபெயர்க்கவே கூடாது. ஆயிரக்கணக்கான செய்திகளைத் தமிழாக்கி, "கருவகப் பதற்றம்" என்று போட்டால் தமிழனுக்கும் புரியாது, கூகுளுக்கும் புரியாது. ஆங்கில வரி அப்படியே இருக்கட்டும். அதற்கு மேலே, சாதாரண மனுஷனுக்கு ஒரு தமிழ் வரி. என்ன ஆச்சு, பயப்படணுமா, அடுத்து என்ன செய்யணும். இந்த மூன்று மட்டும் போதும்.

"சரி, கெர்னலே கவிழ்ந்தால்? அப்போது பிளைமவுத்தும் இருக்காதே?" இது நல்ல கேள்வி. இதற்குப் பதில் 2002லேயே கிடைத்துவிட்டது. ஆப்பிளின் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.2 பதிப்பில் கெர்னல் கவிழ்ந்தால், கணினியை மறுபடி தொடங்குங்கள் என்ற செய்தி ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம் என்று நான்கு மொழிகளில் ஒரே திரையில் வரும். கவிழ்கிற கெர்னலுக்கு ஜப்பானிய எழுத்தை அடுக்கத் தெரியுமா என்ன? தெரியாது. முன்கூட்டியே வரைந்து வைத்த ஒரு படத்தைத் திரையில் ஒட்டிவிட்டது, அவ்வளவுதான். எழுத்துரு வேண்டாம், அடுக்கும் நிரல் வேண்டாம்.

லினக்ஸ் கெர்னலுக்கும் படம் ஒட்டத் தெரியும். எழுந்திருக்கும்போது மேலே வரிசையாக உட்கார்ந்திருக்கும் பென்குவின்களைப் பார்த்திருப்பீர்கள், பிராசஸர் கோர் ஒன்றுக்கு ஒரு பென்குவின். 80க்கு 80 புள்ளி, 224 நிறம், கெர்னலுக்குள்ளேயே வைத்து அனுப்பப்படும் படம் அது. 2024ல் வந்த 6.10 பதிப்பில் இருந்து, கெர்னல் கவிழ்ந்தால் அதைச் சொல்ல ஒரு தனித் திரையும் உண்டு. அதே ஆண்டு 6.12ல் அந்தத் திரையில் க்யூஆர் குறியீடு காட்டும் வசதியும் சேர்ந்தது. கைபேசியில் ஸ்கேன் செய்தால் பிழை விவரம் வந்துவிடும். தமிழ் வரியும் அந்தக் குறியீடும் ஒரே திரையில் வந்தால், எண்ணூரில் இருக்கும் பிள்ளை அதைப் படம் எடுத்து அமெரிக்காவில் இருக்கும் பொறியாளருக்கே அனுப்பலாம். மொழி இரண்டு பேருக்கும் இடைஞ்சல் இல்லை.

கணக்கு போட்டுப் பார்ப்போம். 640க்கு 160 புள்ளி அளவில் கருப்பு வெள்ளைப் படம் ஒன்று, 12,800 பைட். இரண்டு மூன்று வரித் தமிழ் தாராளமாகப் பிடிக்கும். பென்குவினுக்கு இடம் கொடுத்த கெர்னல், இதற்கு இடம் இல்லை என்று சொல்ல முடியாது.

மூன்றாவது எதிர்ப்பு கொஞ்சம் எரிச்சலானது. "இங்கிலீஷ் தெரியாதவனுக்கு லினக்ஸ் எதுக்கு?" இதைச் சொல்பவர்கள், அந்தப் பிள்ளைகள் லினக்ஸை விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. அரசு கொடுத்தது, வாங்கிக்கொண்டார்கள். இலவசமாகக் கொடுத்ததில் என்ன குறை சொல்வது என்பார்கள் அடுத்து. வரிப்பணத்தில் வாங்கியதற்குப் பெயர் இலவசம் இல்லை, மக்கள் பணம்.

யார் செய்ய வேண்டும்?

பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவை இல்லை. எழுந்திருக்கும் நேரத்தில் ஒரு சாதாரணப் பயனர் பார்க்க நேரிடும் நிலைமைகளைப் பட்டியல் போட்டால் ஒரு பத்து பன்னிரண்டு தேறும். வட்டு சோதிக்கப்படுகிறது, அணைக்காதீர்கள். வட்டில் பிழை, அழிக்காதீர்கள். வட்டைக் காணவில்லை. கடவுச்சொல் தவறு. புதுப்பிப்பு நடக்கிறது, காத்திருங்கள். இப்படி. இவற்றை நல்ல தமிழில், வடசென்னைப் பிள்ளைக்கும் நாகர்கோவில் பிள்ளைக்கும் புரிகிற தமிழில் எழுதி, படமாக வரைந்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் போட வேண்டும். கெர்னல் கவிழும்போது காட்ட ஒரு படம். இவ்வளவுதான் வேலை.

இதைச் செய்யச் சரியான ஆள் பாஸ் லினக்ஸ்தான். இந்திய மொழிகளுக்காகவே பிறந்தது என்று சொல்லிக்கொள்ளும் இயங்குதளம், முதல் பத்து நொடி மட்டும் ஆங்கிலத்தில் பேசுவது அழகில்லை. ஒருமுறை செய்துவிட்டால் இந்தி, வங்காளம், மலையாளம் எல்லாவற்றுக்கும் அதே வழி.

அடுத்த ஆள் தமிழக அரசு. 1999ல் தமிழ்99 விசைப்பலகையை அங்கீகரித்த அரசு, 2010ல் டேஸ்16 என்ற தமிழ்க் குறியாக்கத்தை ஏற்ற அரசு, தமிழ்க் கணிமையில் தலையிடத் தெரியாத அரசு இல்லை. மடிக்கணினி டெண்டரில் ராம் எவ்வளவு, வட்டு எவ்வளவு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். "கணினி தொடங்கும் நேரத்துப் பிழைச் செய்திகள் தமிழிலும் வர வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்தால், விற்கிறவர் தானாகச் செய்து கொடுப்பார்.

காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். படம் வரைவதும் ஸ்கிரிப்ட் திருத்துவதும் ஒரு தடவைச் செலவு, நிலையான செலவு. ஒரு லட்சம் மடிக்கணினிக்குப் பங்கு போட்டால் தலைக்குப் பைசா கணக்கில்கூட வராது. செய்யாமல் விட்டால் ஆகும் செலவு? அது ஒவ்வொரு தடவை கரண்ட் போகும்போதும், ஒவ்வொரு வீட்டிலும், தனித்தனியாக ஆகும். எந்த அரசின் பேலன்ஸ் ஷீட்டிலும் அது ஏறாது. திருவொற்றியூரில் யாரோ ஒரு அம்மாவின் பர்ஸில் இருந்து கடைக்காரருக்குப் போகும். கணக்கில் வராததால் அது செலவே இல்லை என்று ஆகிவிடாது.

இன்னும் ஒரு நஷ்டம் இருக்கிறது, அதற்கு ரூபாயில் விலை போட முடியாது. புரியாத மொழியில் கணினி திட்டியதும், "நாம ஏதோ தப்பு பண்ணிட்டோம்" என்று நினைத்து, அதற்கப்புறம் அதைத் தொடவே பயப்படுகிற பிள்ளைகள். தப்பு அவர்கள் மேல் இல்லை, கரண்ட் போனதற்கு அவர்கள் என்ன செய்வார்கள்? "இது உங்கள் தவறு அல்ல" என்ற வாசகத்தையும் அந்தப் படங்களில் ஒன்றில் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது. அதற்கும் சேர்த்து 12,800 பைட்டிலேயே இடம் இருக்கிறது.